வியாழக்கிழமை நாற்பது நிமிடங்கள்

மகளே, இந்தக் கடிதத்தின் முதல் பிரதியை நீ எங்கே உட்கார்ந்து வாசித்தாய் என்று எனக்குத் தெரியாது. திருகோணமலையில் உங்கள் புது வீட்டிலாக இருக்கலாம், பாடசாலை இடைவேளையிலாக இருக்கலாம், வீதியோரத்தில் காரை நிறுத்திவிட்டும் வாசித்திருக்கலாம். தெரியாமல் இருப்பது எனக்குப் பழகிவிட்டது என்று சொன்னால் உன் அம்மா சிரிப்பாள். பழகிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள். உன் கல்யாணம் முடிந்து மூன்று கிழமை ஆகிறது. உனக்குச் சொல்ல வேண்டிய நன்றியை மண்டபத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். அங்கே நான் கண்கலங்கிய நேரத்தில் வீடியோக்காரர், "சேர், கொஞ்சம் லைட் பக்கம் திரும்பி அழுங்க" என்றார். நானும் திரும்பினேன். அதோடு அழுகை நின்றுவிட்டது, சொல்ல வந்ததும் மறந்துவிட்டது. அதனால் எழுதுகிறேன். பிறரும் வாசிக்கும்படி இதை வெளியிடலாமா என்று உன்னிடம் கேட்டேன். நீ இரண்டு வாக்கியங்களை வெட்டிவிட்டு மிச்சத்தைப் போடச் சொன்னாய். முன்பு ஒரு முறை கேட்காமல் செய்தவன் இந்த முறை கேட்டிருக்கிறேன் என்பதை வாசிப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

தோட்டப் பாடசாலைகளில் ஆங்கிலம் கற்பிக்க, நாளுக்கொரு பாடசாலையாக உனக்கு வேலை கிடைத்தபோது அந்தச் சின்னச் சிவப்புக் காரை வாங்கினாய். மழைக்காலம். பன்விலவுக்கு அப்பால் மண்சரிவு என்று வானொலி தினமும் சொல்லிக்கொண்டிருந்தது. நான் பயந்தேன், அது பொய்யில்லை. கட்டுகஸ்தோட்டையில் ஒரு கடைக்குப் போய், காரின் முன்கண்ணாடியில் ஒட்டிவைக்கும் வழிகாட்டிக் கருவி ஒன்றை வாங்கி வந்து உனக்குப் பரிசாகத் தந்தேன். மடவளை, வத்தேகம, பன்வில தாண்டி மடுல்கெல்லவுக்குப் போகிற வீதியில் வழி தவறுவதற்கு ஒருவருக்குத் தனித் திறமை வேண்டும். அது உனக்கும் தெரியும். ஆனாலும் அப்பா தந்தது என்று ஒட்டிக்கொண்டாய். அந்தக் கருவியில் பேசிய வெள்ளைக்காரப் பெண்ணுக்கு 'மிஸ்' என்று பெயர் வைத்தாய். "மிஸ் இன்னைக்கு வத்தேகமவ கொலை பண்ணிட்டாங்க அப்பா" என்று அவளுடைய உச்சரிப்பை நீ சொல்லிக் காட்டும்போது நானும் சிரித்தேன். சிரிக்கும்போது என் சட்டைப் பையில் என் கைபேசி இருந்தது. மிஸ் உன்னிடம் வழி சொன்னாள், என்னிடம் உன்னைச் சொன்னாள்.

கடைக்காரத் தம்பி நல்ல பையன். கருவியைப் பெட்டியில் போட்டுக் கட்டும்போது, "சேர், மக எங்க நிக்கிறாங்கன்னு உங்க போன்லயே பாத்துக்கலாம். அவங்க ஒண்ணும் செய்யத் தேவல. அவங்களுக்குச் சொல்லவும் தேவல" என்றான். "அப்படியா, நல்லது" என்றேன். அதற்குமேல் நான் யோசிக்கவில்லை. யோசித்துத்தான் செய்தேன் என்றால் இன்னும் மோசமாக இருக்கும் என்பதால் இப்படியே எழுதுகிறேன்.

முதல் மாதம் எனக்குப் பொற்காலம். பென்சன் எடுத்தவனுக்கு ஒரு நாளில் மணித்தியாலங்கள் அதிகம். அவற்றை நீ நிரப்பினாய். பத்திரிகையை விரித்து அதற்குள் கைபேசியை வைத்துக்கொண்டு, நீலப் புள்ளி ஒன்று மலை ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்தேன். "பிள்ள மடவளை தாண்டியிருப்பா, சோத்தப் போடு" என்பேன். பதினைந்து நிமிடத்தில் உன் கார் வாசலில் நிற்கும். உன் அம்மா அசந்து போனாள். "பெத்த மனசுங்க அது, அப்படியே தெரியுது பாருங்க" என்று உன் சின்னம்மாவிடம் தொலைபேசியில் சொன்னாள். நானும் அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் வாங்கிய ஒரே இலஞ்சம் அதுதான்.

பிறகு வியாழக்கிழமைகளைக் கவனித்தேன். மற்ற நாட்களில் பாடசாலை விட்டால் நேரே வீடு. வியாழன் மட்டும் மடுல்கெல்லப் பக்கமிருந்து இறங்கும் வழியில் புள்ளி ஓரிடத்தில் நின்றுவிடும். நாற்பது நிமிடம். ஒரு நாள் முப்பத்தெட்டு. விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். புள்ளிக்குக் கீழே அந்த இடத்தின் பெயர் எழுதியிருந்தது. அது ஒரு சாராயத் தவறணை. அந்தப் படத்தைச் செய்தவர்கள் அத்தனை பெரிய தோட்டத்தில் பாடசாலையைக் குறிக்கவில்லை, கோவிலைக் குறிக்கவில்லை, ஆஸ்பத்திரியைக் குறிக்கவில்லை. பெயர் போடத் தகுந்த இடமாக அவர்களுக்குத் தென்பட்டது தவறணை ஒன்றுதான். அதன் மேல் என் மகள் நின்றாள், வாரா வாரம்.

அடுத்த வியாழன் ஹனிபா நானாவின் ஆட்டோவில் ஏறினேன். எங்கே என்று சொன்னதும் அவர் திரும்பி என்னைப் பார்த்தார். "சேர், அங்க என்ன இரிக்கி?" என்றார். ஒரு ஆளைப் பார்க்க வேண்டும் என்றேன். இடம் நெருங்கியதும் தவறணைக்குக் கால் மைல் முன்னாலேயே நிறுத்திவிட்டார். "மன்னிச்சிக்கோங்க சேர். இதுக்கு அங்கிட்டு என்ட ஆட்டோ போனா, நான் மடவளைக்குத் திரும்பிப் போக முந்தி என்ட பொண்டாட்டிக்கு நியூஸ் போயிரும்." அப்போதே நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் செயற்கைக்கோள் புதிதாக வந்து கண்டுபிடிக்க எதுவும் மிச்சமில்லை.

குடையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். தவறணை வாசலில் உன் கார் இல்லை. கைபேசியைப் பார்த்தேன். புள்ளி அங்கேதான் நின்றது. உள்ளே போனேன். அறுபத்திநான்கு வயதில் முதல் தடவை. ஆறு பேர் இருந்தார்கள், எல்லாரும் ஆண்கள், எல்லாரும் என்னைவிட நிம்மதியாக இருந்தார்கள். கவுண்டரில் இருந்தவர், "ஐயாவுக்கு என்னா?" என்றார். என் மகள் இருக்கிறாளா என்று கேட்க நாக்கு வரவில்லை. "சோடா" என்றேன். "சோடா மட்டுமா?" "சோடா மட்டும்." அவர் போத்தலைத் திறந்துகொண்டே, "மொத நாளு எல்லாரும் அப்படித்தான் ஐயா" என்றார். அந்த நேரம் பார்த்து ஒருவர் பின்னால் இருந்து என் தோளைத் தொட்டார். எங்கள் கோவில் சபையின் செயலாளர். "அடடே, நீங்களுமா!" என்று மிகுந்த சந்தோஷத்தோடு கேட்டார்.

சோடாவோடு வெளியே வந்து மரத்தடியில் நின்று, என்ன செய்வதென்று தெரியாமல் தலையை நிமிர்த்தினேன். மேலே, நேர் மேலே, ஒரு சிவப்புக் கார்.

இந்த இடத்தில் ஓர் உண்மையை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். முப்பத்தொரு வருடம் நான் நில அளவை அலுவலகத்தில் படவரைஞனாக இருந்தேன். வேலை என்னவென்றால், மலைகளுக்குச் சமவுயரக் கோடு வரைவது. தட்டையான தாளில் உயரத்தைக் காட்டும் அந்த மெல்லிய கோடுகளை இந்த மாவட்டத்தில் என்னளவு வரைந்தவர்கள் குறைவு. அவை இல்லாத படத்தை மலைநாட்டில் நம்பக்கூடாது என்று புதிதாக வந்த பொடியன்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன். அந்த வீதி கொண்டை ஊசி போல வளைந்து தன் தலைக்கு மேலேயே திரும்பி வருகிறது. கீழ் வளைவில் தவறணை, அதற்கு அறுபது அடி உயரத்தில் மேல் வளைவு. என் கைபேசியின் படத்தில் இரண்டும் ஒரே இடம். கோடுகள் இல்லாத படத்தை எடுத்து வைத்துக்கொண்டு, நான் என் மகளை அறுபது அடி கீழே இறக்கியிருந்தேன். அது எந்த வளைவு என்பது நீ வெட்டிய முதல் வாக்கியம்.

குறுக்குப் படியில் பாதி ஏறி, தேயிலைச் செடிகளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். வீதியோரத்து டர்பன்டைன் மரத்தடியில் கார். கதவு திறந்திருந்தது. நீ சப்பாத்தைக் கழற்றிவிட்டு, காலை வெளியே நீட்டி, மீன் வைத்த மாலுபாண் ஒன்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். எதிரே நக்கிள்ஸ் மலை முழுவதும் மேகம். யாரோடும் பேசவில்லை. கைபேசியைப் பார்க்கவில்லை. யாருக்கும் காத்திருக்கிறவளாகவும் தெரியவில்லை. நான் ஒரு பையனை எதிர்பார்த்துத்தான் ஏறினேன், ஒளிக்க என்ன இருக்கிறது. பையன் இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கோபப்பட்டிருக்கலாம், தகப்பனாக இருந்திருக்கலாம். அங்கே கோபப்பட எதுவுமே இல்லை. வீட்டில் நாங்கள் இருவர், பாடசாலைகளில் முந்நூறு பிள்ளைகள், வழியெல்லாம் தெரிந்த முகங்கள். வாரத்தில் நாற்பது நிமிடம் நீ யாருக்கும் யாராகவும் இல்லாமல் உட்கார்ந்திருந்தாய். அதற்குள்ளும் நான் நின்றேன், கையில் சோடாப் போத்தலோடு.

சத்தம் போடாமல் இறங்கினேன். நான் வீடு வந்து சேர்வதற்குள் செய்தி வந்து சேர்ந்திருந்தது. உன் அம்மா வாசலில் நின்றாள். "எத்தன நாளா இது நடக்குது?" என்றாள். உண்மையைச் சொன்னால் உன்னை வேவு பார்த்ததைச் சொல்ல வேண்டும். ஆகவே குடிகாரனாக இருக்கச் சம்மதித்தேன். இரண்டில் அதுதான் கௌரவமானது என்று அப்போது எனக்குத் தோன்றியது. இரண்டு மாதம் உன் அம்மா தினமும் என் வாயை முகர்ந்து பார்த்தாள். நீ ஒரு நாள் என் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "அப்பா, ஏதாவது கவலையா? எங்கிட்ட சொல்லலாம்" என்றாய். அன்று சொல்லியிருக்கலாம். அன்றும் நான் கைபேசியில் உன்னைப் பார்த்திருந்தேன்.

அந்த நேரத்தில்தான் மாத்தளையிலிருந்து சம்பந்தம் வந்தது. உனக்குப் பிடித்திருந்தது. நீ சொல்லவில்லை, ஆனால் இரண்டு முறை தலை வாரினாய். அவர்கள் பேசி முடிக்க வருவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை பையனும் பையனின் அம்மாவும் தாய்மாமாவும் வந்தார்கள். மாமா தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்தவர், எதையும் தாளோடு பேசுகிறவர். பலகாரத்தைத் தொடாமல் சட்டைப் பையிலிருந்து நாலைந்து தாள்களை எடுத்து விரித்தார். "தப்பா நெனைக்காதீங்க. பொண்ணு எடுக்கிற எடத்துல நாலு பேருகிட்ட விசாரிக்கிறது வழமதானே. முந்தி பக்கத்து வீட்டுல கேப்போம், கடையில கேப்போம். இப்ப இதுவும் இருக்கு. எங்க லொறிக்கும் அதே கடையிலதான் மெஷின் பூட்டியிருக்கு. தெரிஞ்ச தம்பி, கேட்டேன், அடிச்சுக் குடுத்தாரு." மூன்று மாதம் உன் கார் போன இடம், நின்ற இடம், நின்ற நேரம், எல்லாம் அதில் இருந்தன. வியாழக்கிழமைகளுக்குக் கீழே சிவப்புப் பேனாவால் கோடு போட்டிருந்தார். "பிள்ள தவறண வாசல்ல நிக்குதாமே. அதுதான் என்னான்னு கேட்டுட்டுப் போவம்னு."

நீ அந்தத் தாளைப் பார்த்தாய். பிறகு யன்னல் வழியாக வெளியே நின்ற காரைப் பார்த்தாய், அதன் கண்ணாடியில் இருந்த மிஸ்ஸைப் பார்த்தாய். அந்த முகத்தை நான் மறக்கப் போவதில்லை. உன் பெயர் அந்த மேசையில் கிடந்தது. அதை எடுத்துத் தர அந்த அறையில் ஒருவனால்தான் முடியும். அவன் ஏற்கெனவே குடிகாரன்.

"அவ தவறணைக்குப் போகல. மேல் வளைவுல நின்னா. நான் பாத்தேன்" என்றேன். எப்படிப் பார்த்தீர்கள் என்று மாமா கேட்டார். சொன்னேன். கடையில் தம்பி சொன்னதிலிருந்து தேயிலைச் செடிக்குப் பின்னால் நின்றது வரை எல்லாவற்றையும் சொன்னேன். பேனா வாங்கி அவருடைய தாளின் பின்பக்கத்தில் அந்த வளைவையும் வரைந்து, சமவுயரக் கோடுகளையும் போட்டுக் காட்டினேன். உன் அம்மா, "அப்ப நீங்க குடிக்கலியா?" என்றாள். அவளுடைய குரலில் நிம்மதி பாதி, ஏமாற்றம் பாதி. இரண்டு மாதம் என்னைத் திருத்திக்கொண்டிருந்தவள் அல்லவா.

மாமா விடவில்லை. "சரி, தவறண இல்ல. அப்ப அங்க பிள்ள என்னா செஞ்சிச்சு?" என்று கேட்டார். நீ முதல் தடவையாகப் பேசினாய். "மாமா, போன வியாழக்கிழம ரெண்டு மணிக்கு நீங்க எங்க இருந்தீங்க?" அவர் திகைத்தார். "அது எதுக்கு பிள்ள?" "சும்மா. விசாரிக்கிறது வழமதானே." அவர் தொண்டையைச் செருமினார், தண்ணீர் குடித்தார், பலகாரம் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அவர் எங்கே இருந்தார் என்று இன்றுவரை நமக்குத் தெரியாது. ஒரு தப்பான இடத்திலும் இருந்திருக்க மாட்டார் என்றுதான் நான் நினைக்கிறேன்.

அப்போது பையன் எழுந்தான். மேசையிலிருந்த தாள்களைச் சேர்த்தான், வாசிக்காமல் நாலாக மடித்தான், உன்னிடம் கொண்டுவந்து நீட்டினான். "இது உங்களோடது" என்றான். நீ வாங்கிக்கொண்டாய். என்னைப் பொறுத்தவரை உன் கல்யாணம் அந்த நிமிடமே முடிந்துவிட்டது, மண்டபத்தில் நடந்தது சாப்பாட்டுக்காகத்தான்.

அவர்கள் போன பிறகு நீ கத்துவாய் என்று காத்திருந்தேன். நீ குசினியில் என்னிடம் சொன்னது நீ வெட்டிய இரண்டாவது வாக்கியம். அது என்னோடு இருக்கும். பிறகு காரிலிருந்து மிஸ்ஸைக் கழற்றி வந்து என் கையில் வைத்தாய். "ஒரு கிழம நீங்க வச்சிருங்க அப்பா. எங்க போனாலும் கொண்டு போங்க. இப்ப அது என்னோட போனுக்குச் சொல்லும்." நான் மறுக்கவில்லை. அந்த ஒரு கிழமை நான் நல்ல மனிதனாக வாழ்ந்தேன். நூலகத்துக்கு இரண்டு முறை போனேன், ஒரு முறை போதும் என்றாலும். கோவிலில் தேவைக்கு மேல் நின்றேன். சீனி வருத்தக்காரன் நான், கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் தொதல் என்ற இனிப்பு விற்கும் கடைக்கு நான் போய் வருவது உங்கள் இருவருக்கும் தெரியாது. அந்தக் கிழமை கடைக்கு எதிர்ப்பக்கம் வீதியைக் கடந்தே நடந்தேன். நடக்கும்போது கால் என்னுடையதாக இல்லை, யாரோ ஒருவருடைய பார்வைக்கு நடந்துகொண்டிருந்தது. ஒரு குற்றமும் செய்யாதவன் இப்படிக் களைத்துப் போவான் என்று எனக்குத் தெரியாது.

எட்டாம் நாள் கருவியை உன்னிடம் நீட்டி, "என்னா பாத்த?" என்று கேட்டேன். நூலகத்தைப் பற்றிச் சொல்வாய் என்று ஒரு நினைப்பு. நீ தலை நிமிராமல் கொப்பிகளைத் திருத்திக்கொண்டே, "நான் ஒரு நாளும் பாக்கல அப்பா" என்றாய்.

மகளே, நான் நன்றி சொல்ல வந்தது இதற்குத்தான். பார்க்க முடிந்தும் நீ பார்க்கவில்லை. எனக்குத் தண்டனை தர வேண்டிய இடத்தில் எனக்கு ஒரு கிழமையைத் தந்துவிட்டு, அதை எட்டிப் பார்க்காமல் இருந்தாய். அறுபத்திநான்கு வயதில் என்னை யாரும் இவ்வளவு மரியாதையாக நடத்தியதில்லை. உனக்கு நான் அதைச் சொல்லித் தரவில்லை. உன் அம்மாவும் சொல்லித் தந்திருக்க முடியாது, அவள் என் வாயை முகர்ந்தவள். இது உன்னுடையதாகவே வந்திருக்கிறது. இன்னொன்றுக்கும் நன்றி. அந்த வளைவுக்கு என்னை நீ ஒரு நாளும் கூட்டிப் போகவில்லை. சமாதானத்துக்காகக் கூட்டிப் போயிருந்தால் அந்த இடம் போயிருக்கும்.

கடைக்காரத் தம்பியிடம் போய் உன் பயணங்களை அழிக்கச் சொன்னேன். அவனுக்கு உண்மையிலேயே வெட்கமாகிவிட்டது. மாமாவைத் தெரியும் என்பதால் தந்ததாகச் சொன்னான். தெரிந்தவர்களுக்கு மட்டும்தான் தருவானாம். சுவரில் ஒரு திரை. அதில் கண்டி மாவட்டம் முழுக்க நூற்றுக்கணக்கான புள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் பெயர். "இங்க அழிச்சிட்டேன் சேர். கம்பனிக்காரங்ககிட்ட ஒரு கொப்பி இருக்கும். அவங்க யாருக்குக் குடுக்கிறாங்கன்னு எனக்கும் தெரியாது" என்றான். அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவன் வேறென்ன செய்வான், அந்தக் கம்பனிக்கு நான்கு கடிதம் எழுதினேன். உங்கள் அந்தரங்கம் எங்களுக்கு மிகவும் முக்கியமானது என்று ஒரு பதில் வந்தது. அது அவர்களுக்கு எதற்காக முக்கியம் என்பதுதான் என் கவலை. ஐந்தாவது கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

புத்திமதி சொல்லும் தகுதி எனக்கு இல்லை, ஆனாலும் தகப்பன் கடிதம் என்றால் ஒன்றாவது இருக்க வேண்டும். நாளைக்கு உனக்குப் பிள்ளைகள் பிறக்கும், அவர்கள் கையில் இதைவிடக் கெட்டிக்காரக் கருவிகள் இருக்கும். உனக்கும் பயம் வரும். மழை பெய்யும், பிந்துவார்கள். அப்போது அவர்களிடமே கேள். பொய் சொல்வார்கள், பரவாயில்லை. பொய் சொல்வதற்காவது அவர்கள் உன் முகத்தைப் பார்க்க வேண்டும் அல்லவா. நான் பத்திரிகைக்குள் பார்த்துக்கொண்டிருந்த அந்த மாதங்களில் உன் முகத்தைச் சரியாகப் பார்த்த ஞாபகம் எனக்கு இல்லை.

நீங்கள் இருவரும் திருகோணமலைக்குப் புறப்பட்ட காலையில் நீதான் காரை ஓட்டினாய். முன்கண்ணாடியில் மிஸ் ஒட்டியிருந்த இடத்தில் வட்டமாக ஒரு தடம் மட்டும் இருந்தது. பதினொரு மணிக்கு உன் அம்மா, "இப்ப எந்த எடத்துல இருப்பாங்க?" என்று கேட்டாள். பெற்ற மனதின் இரகசியம் தெரிந்த பிறகும், பழைய பழக்கத்தில் என்னிடம் பதிலை எதிர்பார்த்தாள். "தெரியல" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனாள்.

கொஞ்ச நேரத்தில் நீ அழைப்பு எடுத்தாய். கைபேசியைக் காதில் வைத்தால் நம் நாட்டில் எல்லார் வாயிலும் முதலில் வருகிற கேள்வி ஒன்று உண்டு, "இப்ப எங்க நிக்கிற?" என் வாயிலும் வந்து நின்றது. அதை விழுங்கிவிட்டு, "சொல்லு கண்ணு" என்றேன்.

"அப்பா, நடு ரோட்டுல ஒரு யானை நிக்குது. எல்லாரும் நிப்பாட்டிட்டாங்க. இப்போதைக்கு நகராது போல."

யானை நிற்கும் வீதிகளை எனக்குத் தெரியும். சிலவற்றை நானே வரைந்திருக்கிறேன். அலுமாரியில் அந்தப் படமும் இருக்கிறது, நீ புறப்பட்ட நேரத்தையும் வைத்துப் பார்த்தால் அரை மைலுக்குள் சொல்லிவிடலாம்.

"யானை எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

நீ சொல்லத் தொடங்கினாய். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.